படத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு என் கைப்பேசி அதிரத் தொடங்கும். "பேய்க் கூட்டம் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். அடுத்த இரண்டு மணி நேரத்திற்கு நான் சோபாவின் மூலையை விட்டு நகர மாட்டேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பேய்க் கூட்டம் என்று அவர் சொல்வது எங்கள் புலனக் குழுவை. மொத்தம் பதினொரு பேர். ஈப்போவில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், சுங்கைப்பட்டாணியில் ஏர்கோன் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் ஜொகூர்ப் பெண் ஒருவர், கிள்ளானில் சமையல் குத்தகை எடுக்கும் அக்கா ஒருவர், சைபர்ஜெயாவில் கணினி வேலை பார்க்கும் இரண்டு தம்பிகள், என்னோடு பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்த நண்பர்கள் சிலர். வெள்ளிதோறும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் போட்டுவிட்டு, பார்த்துக்கொண்டே எழுதுவோம்.

என்ன படம் என்பதற்கு ஒரே ஒரு தகுதிதான். நான்கு பேர் நடுவில் "இது எனக்குப் பிடித்த படம்" என்று சொல்ல வெட்கப்படும் படமாக இருக்க வேண்டும். பாம்பு பழிவாங்க வேண்டும், யானை துப்பறிய வேண்டும், அட்டைப் பாறை நாயகனின் தோளில் பட்டுத் துள்ளி விழ வேண்டும்.

குழு தொடங்கியது 2020-இல். அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அத்தியாவசியச் சேவை என்பதால் நான் வானொலி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலையில் யாருமில்லை. நிலையத்திலும் பாதிப்பேர் இல்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் உற்சாகமாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கே பேச ஆள் வேண்டும்போல இருக்கும். பல்கலைக்கழக நண்பர்கள் நான்கு பேராகப் படம் பார்க்கத் தொடங்கினோம். பிறகு ஒவ்வொருவரும், தனியாக இருக்கிறாரே என்று கவலைப்பட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஈப்போ டீச்சர் ஒரு தோழியின் பெரியம்மா. சுங்கைப்பட்டாணி அண்ணன் இன்னொருவரின் பழைய பக்கத்து வீட்டுக்காரர். இப்படித்தான் பதினொரு பேரானோம். குழுவை நிர்வகிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதோடு ஒரு விதியும் போட்டேன்: இங்கே படத்தைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும்.

அந்த விதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காலை விறகாக்கிய பேய்

நாங்கள் முதலில் பார்த்த படம் 'ஜகன் மோகினி'. 1978-இல் தெலுங்கில் வந்து, தமிழ் பேசிய படம். இயக்கியவர் விட்டலாச்சாரியா. கதை உங்களுக்கு மறந்திருக்கலாம். அந்த ஒரு காட்சி மறந்திருக்காது: பேய் சமைக்கிறது, விறகு இல்லை, தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரியவிடுகிறது.

அந்தக் காட்சி வந்ததும் பதினொரு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் எழுதின. ஈப்போ டீச்சர் இந்தப் படத்தைத் தோட்டத்துத் திடலில் பார்த்தவர். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். முன்பக்கம் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். "எழுத்தெல்லாம் தலைகீழா ஓடும். நான் பார்த்த ஜகன் மோகினியில எல்லாரும் இடது கைக்காரங்க," என்று எழுதினார்.

விட்டலாச்சாரியா உடுப்பிப் பக்கத்துக்காரர். கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் பேர் வாங்கியவர். குறைந்த செலவில், சொன்ன நாளில் மாயாஜாலப் படம் எடுத்து முடிப்பதில் கெட்டிக்காரர். அவரைப் பற்றித் திரையுலகில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு நடிகர் தேதி தராமல் இழுத்தடித்தாலோ கூலி அதிகம் கேட்டு முரண்டு பிடித்தாலோ, முனிவரின் சாபம் என்று அந்தப் பாத்திரத்தை ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு, விலங்கை வைத்தே மீதிப் படத்தை முடித்துவிடுவாராம். ஆடு கால்ஷீட் கேட்காது.

தமிழில் இந்த வகைக்கு இராம நாராயணன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். யானை, குரங்கு, பாம்பு எல்லாம் அவர் படங்களில் மனிதர்களைவிட நன்றாக நடிக்கும். 2014-இல் அவர் காலமானது சிங்கப்பூரில். அதற்கு முந்தைய தலைமுறையில் சாண்டோ சின்னப்பா தேவர். ஆட்டை வைத்து 1977-இல் அவர் கொடுத்த 'ஆட்டுக்கார அலமேலு' அந்தக் காலத்து வெற்றிப் படம். பிறகு 'அம்மன்'. கோடி ராமகிருஷ்ணா இயக்கிய தெலுங்குப் படம், 1995. சௌந்தர்யா பக்தை, ரம்யா கிருஷ்ணன் அம்மன். கணினி வரைகலையில் அம்மன் விசுவரூபம் எடுப்பதை அதற்கு முன் நாம் யாரும் பார்த்ததில்லை. வீடியோ கடையில் அந்த நாடாவுக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயதுகூட இருக்காது. மூன்று நாள் விளக்கை அணைக்கவிடாமல் அழுதேன்.

இந்த ரசனைக்கு ஆங்கிலத்தில் 'கேம்ப்' என்று பெயர். சூசன் சொன்டாக் என்ற எழுத்தாளர் 1964-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை வகுப்பில் படித்திருக்கிறோம். கேலிக்காகவே எடுத்த படம் இதில் சேராது. முழு மனத்தோடு, மிகப் பெரிதாக ஒன்றைச் செய்யப் போய், அது அளவு மீறி நிற்பதில்தான் இந்த ரசனை பிறக்கிறது என்பது அவர் வாதம். ஹாலிவுட்டில் எட் வுட் என்ற இயக்குநர் 'பிளான் 9 பிரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்று ஒரு படம் எடுத்தார். பேலா லுகோசி என்ற பழைய நட்சத்திரம் சில நிமிடங்கள் மட்டும் நடித்துக் கொடுத்திருந்த நிலையில் 1956-இல் இறந்துவிட்டார். எட் வுட் அசரவில்லை. மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவரைக் கூட்டி வந்து, முகத்தை மேலங்கியால் மறைத்துக்கொள்ளச் சொல்லி, மிச்சத்தை எடுத்து முடித்தார். விட்டலாச்சாரியாவின் ஆடு நினைவுக்கு வருகிறதா?

இன்னொன்று 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'. 1975-இல் வந்தபோது ஓடவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். பாத்திரங்களைப்போல உடுத்திக்கொண்டு, திரையைப் பார்த்துப் பதில் வசனம் கத்திக்கொண்டு, கல்யாணக் காட்சிக்கு அரிசி வீசிக்கொண்டு! படத்தைப் பார்க்க வந்தார்களா, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வந்தார்களா என்று அன்றைக்கு வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் கேட்டார். பரீட்சைக்கு ஏதோ எழுதினேன். சரியான விடை கிடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

அம்மனிலிருந்து சேமநிதிக்கு

மனிதர்கள் ஒரு படத்தைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவார்கள்? எங்கள் குழுவில் சராசரியாக இருபது நிமிடம். அதற்குமேல் பேச்சு தானாக நழுவும்.

'அம்மன்' பார்த்த இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மன் சிறுமி உருவத்தில் வீட்டுக்கு வருகிறாள். அந்தப் பாவாடை நிறம் எனக்கும் இருந்தது என்றாள் ஒருத்தி. மஞ்சள் என்றதும் கிள்ளான் அக்கா, ஆடி மாதம் கூழ் ஊற்ற ஆர்டர் ஒன்றுகூட இல்லை, கோயிலெல்லாம் மூடிக் கிடக்கிறது என்றார். கூழ் என்றதும் கேழ்வரகு மாவு விலை. விலை என்றதும் சம்பளம். சம்பளம் என்றதும் சைபர்ஜெயா தம்பி ஒருவர், "எனக்குப் போன வாரத்தோட வேலை போயிருச்சு," என்று எழுதினார். திரையில் அப்போது வில்லன் மண்டையோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஒரு மணி நேரம் ஊழியர் சேமநிதியைப் பற்றித்தான் பேச்சு. மாதம் 500 ரிங்கிட் வரை எடுத்துக்கொள்ள அப்போது ஐ-லெஸ்தாரி திட்டம் வந்திருந்தது. எடுக்கலாமா, வேண்டாமா? "காருக்குத் தவணை கட்ட எடுக்காதே, சாப்பாட்டுக்கு என்றால் எடு," என்றார் டீச்சர். கிள்ளான் அக்கா, "சாப்பாட்டுக்கு நான் இருக்கேன்," என்றார். சொன்னதுபோல் இரண்டு வாரம் அந்தத் தம்பியின் வீட்டு வாசலுக்குச் சாப்பாடு போனது. அம்மன் வில்லனை எப்படிக் கொன்றாள் என்று அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

சில நாள் நழுவல் நம்மை நல்ல இடத்தில் கொண்டுபோய் விடும். பேய்ப் பேச்சு ஒருநாள் உள்ளூர்ப் பேய்க்குத் திரும்பி, பொந்தியானாக் படங்களில் வந்து நின்றது. கேத்தே-கெரிஸ் நிறுவனம் சிங்கப்பூரில் எடுத்த 'பொந்தியானாக்' 1957-இல் வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. நாயகி மரியா மெனாடோ. கூன் முதுகோடு, அழகற்றவள் என்று ஒதுக்கப்பட்ட பெண் ஒருத்தி மருந்து குடித்து அழகியாகிறாள். கணவனைப் பாம்பு தீண்ட, விஷத்தை உறிஞ்சி எடுக்கப் போய் இரத்த ருசி கண்டு பேயாகிறாள். சாத்தே விற்பவராக அதில் நடித்தவருக்கு வாஹிட் சாத்தே என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்று அந்தப் படத்தின் பிரதி இல்லை. 1958-இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்திருக்கிறது. மிஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களின் தொகுப்பு 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

இயக்கியவர் பெயர் பி.என்.ராவ் என்று ஒரு நண்பர் எழுதினார். "எந்த ராவ்?" என்று டீச்சர் கேட்டார். தேடிப் பார்த்தால், சென்னையில் 1941-இல் 'மதனகாமராஜன்' என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவர்! நம் மாயாஜாலக் கதைகளை எடுத்துப் பழகிய கைதான் இங்கே வந்து பொந்தியானாக்கை எழுப்பியிருக்கிறது. பி.ரம்லி முதன்முதலில் நாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவரும் எல்.கிருஷ்ணன் என்ற நம்மவர்தான் என்று பேச்சு போய், அன்றிரவு ஒரு மணிவரை யாரும் தூங்கவில்லை. விதியை யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

ஆனால் எனக்குப் பிடித்த திசையில் நழுவினால்தான் நான் பேசாமல் இருந்தேன். மற்ற நாள்களில் உள்ளுக்குள் எரிச்சல். வானொலியில் எனக்குப் பழக்கப்பட்ட காலம் வேறு. பாடலுக்கும் பாடலுக்கும் நடுவே முப்பது விநாடி, நாற்பது விநாடி. அழைக்கும் நேயர் பெயரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொல்ல வேண்டும், பாடலைக் கேட்க வேண்டும், வாழ்த்துச் சொல்ல வேண்டும், முடிந்தது. "அப்புறம் அக்கா, எங்க வீட்டுல..." என்று தொடங்கினால் சிரித்துக்கொண்டே இசையை மேலே ஏற்றிவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயரும் உண்டு.

ஒரு கட்டைவிரல்

2021 ஜூன் மாதம். நாடு மறுபடியும் முழுமையாக முடங்கிக் கிடந்தது. சுங்கைப்பட்டாணி அண்ணன் அதிகம் எழுதாதவர். சிரிப்புப் படம் ஒன்று, "சரியா சொன்னீங்க டீச்சர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வாரம் அவரே, "இன்னொரு தடவை ஜகன் மோகினி போடலாமா?" என்று கேட்டார். போட்டோம்.

எனக்கு அன்றைக்கு நல்ல அசதி. அதிகாலை நிகழ்ச்சி, மதியம் இணையவழிக் கூட்டம், இரவு பிள்ளைக்குக் காய்ச்சல். கைப்பேசியைப் பார்த்தால் தம்பிகள் இருவரும் பழைய கார் விலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். டீச்சர் டுரியானை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஆளின் எண்ணைக் கொடுக்கிறார். செய்திகள் மளமளவென்று மேலே ஏறுகின்றன. நான் எழுதினேன்:

"நண்பர்களே, காரும் டுரியானும் சாப்பாடும் போதும். தயவுசெய்து படத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்."

சில விநாடிகளில் சுங்கைப்பட்டாணி அண்ணனிடமிருந்து ஒரு வரி: "மன்னிக்கவும் தங்கச்சி."

அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டேன்.

அடுத்த மூன்று வெள்ளியும் அவர் வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்தோம். நான்காவது வாரம் சிங்கப்பூர் தாதி என்னை அழைத்தார். "அக்கா, அன்னைக்கு அண்ணன் எழுதினதை நீங்க படிக்கவே இல்லையா?"

அழைப்பைத் துண்டித்துவிட்டுக் குழுவில் பின்னோக்கிப் போனேன். கார் விலைக்கும் டுரியானுக்கும் நடுவில், என் செய்திக்கு நேர் மேலே, மூன்று வரிகள் இருந்தன.

"இந்தப் பேய் காலை அடுப்புல வைக்கிற இடத்துல அம்மா சிரிச்சாங்க."

"நாலு மாசமா சிரிச்சதே இல்ல."

"சாப்பிட மாட்டேன்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டா எப்படி ஊட்டுறதுன்னு யாருக்காவது தெரியுமா?"

அதற்குக் கீழே, சாப்பாடும் போதும் என்கிற என் குரல்.

அவருடைய அம்மாவுக்கு மறதி நோய். மகனையே சில நாள் தம்பி என்பார், சில நாள் தண்டல் என்பார். அண்ணனுக்குத் திருமணமாகவில்லை. அம்மாவைத் தனியாக விட முடியாததால் வெளி வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் ஓராண்டுக்கு மேலாக வெள்ளிதோறும் அவரோடு படம் பார்த்த எனக்குத் தெரியாது.

அன்றிரவே அந்த மூன்று வரிகளைப் பார்த்தவர் சிங்கப்பூர் தாதி மட்டும்தான். குழுவில் எழுதினால் விதி மீறல் ஆகிவிடுமே என்று அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறார். கட்டாயப்படுத்தி ஊட்டாதீர்கள், புரையேறிவிடும். பெரிய தட்டு வேண்டாம், சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு தடவை கொடுங்கள். முதலில் வாயைப் பாருங்கள், புண்ணோ பல்வலியோ இருந்தால் அவர்களால் சொல்லத் தெரியாது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், பார்த்துச் சாப்பிடுவார்கள். விழுங்கும்போது இருமினால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பார்த்ததில் அம்மாவின் ஈறு புண்ணாகி இருந்ததாம்.

வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருக்கும் வாசகர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இது எங்கள் குழுவில் எல்லாரும் படித்திருக்க வேண்டிய பதில்.

அப்பதான் வாய் வந்துச்சு

மறுநாள் அண்ணனை அழைத்தேன். மன்னிப்புக் கேட்டபோது பதறினார். "ஐயோ, நீங்க சொன்னது சரிதான் தங்கச்சி. படக் குழுவுல வந்து சாப்பாட்டைப் பத்திக் கேட்டா எப்படி?"

"ஏன் அண்ணே அங்கே கேட்டீங்க?" என்றேன். குற்றம் சொல்லக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வேற எங்க கேக்குறது? கிளினிக்ல அஞ்சு நிமிசம். சொந்தக்காரங்ககிட்ட வாயைத் திறந்தா முதியோர் இல்லத்துல விட்டுருன்னு சொல்லுவாங்க. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம் இல்லையா? நானும் சிரிச்சேன், அம்மாவும் சிரிச்சாங்க. அப்பதான் வாய் வந்துச்சு."

அதை நான் பல நாள் யோசித்தேன். "என் அம்மாவுக்குப் பசி தெரியவில்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை" என்ற செய்தியை ஒரு ஆண் எந்தக் குழுவில் எழுதுவார்? குடும்பக் குழுவில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் போகும். வேலைக் குழுவில் வாய்ப்பே இல்லை. நோயாளிகளுக்கு உதவும் குழுக்கள் இருக்கலாம். அங்கே போவதென்றால், எனக்குச் சிரமம் என்று முதலில் தனக்குத்தானே ஒத்துக்கொள்ள வேண்டும். காலை அடுப்பில் வைக்கும் பேயைப் பார்க்கும் இடத்தில் யாரும் யாரையும் எடைபோடுவதில்லை. எல்லாரும் ஏற்கெனவே வெட்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த வேலையில்லாத தம்பியும் அதனால்தான் அங்கே சொன்னார்.

என் வானொலி அழைப்புகளும் நினைவுக்கு வந்தன. பழைய பாடல் ஒன்றைக் கேட்டு அழைத்து, "இது எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்ச பாட்டு, இப்ப அவர் இல்ல," என்று சொல்லத் தொடங்கும் பெண்கள் எத்தனை பேர்! பாடல் வேண்டுமென்றால் கைப்பேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். அதற்காகவா காத்திருந்து, எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தி, வரிசையில் நிற்கிறார்கள்? பாடல் ஒரு சாக்கு. அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை நான் முப்பது விநாடியில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

விதியை எடுத்துவிட்டேன். அண்ணனும் திரும்பி வந்தார். அதன் பிறகு குழுவில் வேறொரு வழக்கம் தானாக உண்டானது. யாராவது ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை படத்தை நிறுத்திவைப்பது. "பாஸ்" என்று ஒருவர் எழுதுவார், பதினொரு வீட்டிலும் படம் நிற்கும். ஒருமுறை 'நீயா?' படத்தில் பாம்பு பழிவாங்கப் படமெடுத்து நின்ற நிலையிலேயே நாற்பது நிமிடம் நின்றது. ஒரு தோழியின் மகனுக்குப் பேச்சு தாமதமாக வருகிறது, யாரிடம் காட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

துக்க வீட்டில் ஒரு பேய்

அண்ணனின் அம்மா 2023-இல் தவறிவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்குக் குழுவில் செய்தி வந்தது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் முன்பே எங்களுக்குச் சொன்னதாகப் பிறகு தெரிந்துகொண்டோம்.

ஐந்து பேர் போனோம். டீச்சர் ஈப்போவிலிருந்து இரயிலில் வந்தார். நானும் கிள்ளான் அக்காவும் இரண்டு தம்பிகளும் காரில் போனோம். மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் பேசியவர்கள், அதில் பாதிப்பேரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. கூடாரத்தின் கீழ் ஞெகிழி நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சேலைக்காரரைத் தயங்கித் தயங்கி, "டீச்சரா?" என்று கேட்டேன்.

அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். குழுவில் சுயவிவரப் படமாக ஏர்கோன் ஒன்றை வைத்திருந்த மனிதர், நாங்கள் நினைத்ததைவிட உயரமாக இருந்தார். என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. கிள்ளான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, எத்தனை வயது, எப்போது, யார் கூட இருந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் ஒரே பதிலை ஒரே குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

காரியம் முடிந்து கூட்டம் கரைந்த பிறகு எங்கள் அருகில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் யாரும் பேசவில்லை. சைபர்ஜெயா தம்பிதான் மெல்லக் கேட்டார்: "அண்ணே, அம்மா அந்தப் படத்தை அப்புறமும் பார்த்தாங்களா?"

"எந்தப் படம்?" என்றார் பக்கத்தில் இருந்த ஓர் உறவினர்.

"ஜகன் மோகினி," என்றார் அண்ணன். அந்த உறவினர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. "வாரத்துக்கு ரெண்டு தடவை போடுவேன். அந்தக் கட்டம் வந்தா மட்டும் கண்டுபிடிச்சிருவாங்க. ஒருநாள் என்னைப் பார்த்து, 'டேய், அடுப்புல கால் வைக்காதே, சுடும்'னாங்க. டேய்னு கூப்பிட்டாங்க தங்கச்சி. என் பேரும் சொன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அழுதார். காலையிலிருந்து அவர் அழவே இல்லை என்று டீச்சர் பிற்பாடு சொன்னார். அன்றைக்கு அங்கே பேச வேண்டிய விஷயம் மரணம். நாங்கள் அதைவிட்டு நழுவி ஒரு பேய்ப் படத்துக்குப் போனோம். யாராவது அப்போது, "இங்கே அதெல்லாம் பேசாதீர்கள்," என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு என் கைப்பேசி அதிர்கிறது. வானொலியில் இன்னமும் நேரக் கணக்கு உண்டு, விளம்பரம் காத்திருக்காது. ஆனால் "அப்புறம் அக்கா, எங்க வீட்டுல..." என்று தொடங்கும் நேயரை, பாடல் ஓடும்போது இணைப்பிலேயே வைத்திருந்து மீதியைக் கேட்டுக்கொள்கிறேன். பாடல் நாலு நிமிடம் ஓடும். பல பேருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

போன வாரம் ஒரு பாம்புப் படம். பத்தே நிமிடத்தில் பேச்சு டீச்சர் வீட்டுக் கூரை ஒழுகுவதற்குப் போய்விட்டது. நம்பிக்கையான ஆள் ஈப்போவில் கிடைப்பாரா என்று கேட்டிருந்தார். கிள்ளான் அக்கா, "பாஸ்" என்று எழுதினார். பாம்பு பாதி உடலோடு புற்றுக்கு வெளியே நின்றது.

முதல் பதில் சுங்கைப்பட்டாணி அண்ணனிடமிருந்து வந்தது. "ஞாயிற்றுக்கிழமை நானே வர்றேன் டீச்சர். ஏணி இருக்கா?"